பத்து நொடிப் பிழை

நுழையும்முன்

நிலப்படத்தில் காணும் கோடுகள் நிலத்தில் இல்லை. அவை மாந்தர் அளந்து, கணக்கிட்டு வரைந்தவை. அளவையில் நேர்ந்த சிறு பிழை நிலப்படத்தோடு நின்றால் என்ன ஆகும்? அதுவே எல்லையாகிவிட்டால் என்ன ஆகும்? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

மலையில் எழுந்த வினா

ஒரு சனிக்கிழமை மாலை, மாணவர் சிலருடன் ஜவ்வாது மலையிலுள்ள காவலூருக்குச் சென்றிருந்தேன். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில், காடு சூழ அமைந்துள்ளது அங்குள்ள வான் ஆய்வகம். நகர விளக்குகளின் ஒளி எட்டாத இவ்விடத்தைத் தேர்ந்தவர் வானியல் அறிஞர் வைணு பாப்பு. 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் இங்கு ஆய்வு தொடங்கியது. 1986இல் தொடங்கி வைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது.

காவலூர் ஏறத்தாழ கிழக்குத் தீர்க்கம் 78 பாகை 50 கலையில் இருப்பதாகக் கூறினேன். உடனே ஒரு மாணவி, "ஐயா, தரையில் கோடு எதுவும் இல்லையே! எதை வைத்து அளந்தார்கள்?" என்று கேட்டாள். "காலத்தை வைத்து அளந்தார்கள்" என்றேன்.

புவி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 24 மணி நேரம் ஆகிறது. எனவே ஒரு மணிக்கு 15 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம். கிரீன்விச்சின் நேரத்திற்கும் நம் ஊரின் நேரத்திற்கும் உள்ள வேறுபாடு தெரிந்தால் தீர்க்கம் தெரிந்துவிடும். ஆனால் நேரக் கணக்கு ஒரு நொடி பிழைத்தாலும் சென்னையின் அகலாங்கில் இடம் ஏறத்தாழ 450 மீட்டர் தள்ளிப்போகும்.

தூண் கூறும் செய்தி

காவலூர் ஆய்வகத்தின் முன்னோடி சென்னையில் இருந்தது. நுங்கம்பாக்கத்தில் 1792இல் வான் ஆய்வகம் எழுந்தது. அப்பணி 1899இல் கோடைக்கானலுக்கு மாறிப் பின்னர் காவலூர் வரை தொடர்ந்தது. பின்னொரு நாள் இசைவு பெற்று அம்மாணவர்களை நுங்கம்பாக்கத்திற்கு அழைத்துச் சென்றேன். வானிலை மைய வளாகத்தில், அன்று கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் நிற்கிறது. அதில் தமிழ் எழுத்துகளையும் காணலாம்.

1802இல் பரங்கிமலை அருகே லாம்டன் அடிக்கோடு அளந்து முக்கோண நில அளவையைத் தொடங்கியபோது, அவ்வளவைக்குரிய தீர்க்கம் இவ்வாய்வகத்திலிருந்தே பெறப்பட்டது. தந்தி இல்லாத காலம் அது. வியாழனின் துணைக்கோள்கள் மறைவதையும் நிலவின் நகர்வையும் நோக்கியே அறிஞர்கள் நேரத்தைக் கணித்தனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தந்திவழி நேரத்தை ஒப்பிட்டபோது, பழைய தீர்க்கம் ஏறத்தாழ இரண்டரைக் கலை மிகுதி எனத் தெளிவாயிற்று. நேரத்தில் அது ஏறத்தாழ பத்து நொடிதான். ஆயினும் நிலப்படங்களில் இந்திய நிலப்பரப்பு முழுவதும் ஏறத்தாழ 4 கி.மீ. கிழக்கே நகர்ந்திருந்தது!

எனினும் இங்கு எவர் நிலமும் பறிபோகவில்லை. எல்லா இடங்களும் ஒன்றாகவே நகர்ந்திருந்ததால், ஊருக்கும் ஊருக்கும் இடையிலான தொலைவு மாறவில்லை. தீர்க்கத்தில் இவ்வளவு குறைத்துக்கொள்க என்னும் குறிப்பே போதுமானதாயிற்று.

பிழை எல்லையானபோது

ஏறத்தாழ இதே அளவுப் பிழை ஆஸ்திரேலியாவில் வேறு விளைவைத் தந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவுக்கும் இன்றைய விக்டோரியாவுக்கும் 141ஆம் தீர்க்கக்கோடே எல்லை என விதிக்கப்பட்டது. 1847 முதல் 1850 வரை அக்கோட்டை நிலத்தில் குறித்தனர். 1868இல் சார்லஸ் டாட் தந்தியின் துணையால் நேரத்தைக் கணித்தபோது, குறித்த கோடு உரிய இடத்திற்கு மேற்கே ஏறத்தாழ 3.6 கி.மீ. விலகியிருந்தது புலனாயிற்று. அதுவும் ஏறத்தாழ பத்து நொடிப் பிழையே.

அதற்குள் அந்நிலத்தில் குடியேற்றம் நிகழ்ந்திருந்தது. 1300 சதுர கி.மீட்டருக்கும் மேற்பட்ட அந்நிலத்திற்கான வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. நிலத்தில் குறிக்கப்பட்ட கோடே எல்லை என 1914இல் தீர்ப்பாயிற்று. வடக்கிலிருந்து வரும் எல்லைக்கோடு மர்ரி ஆற்றைத் தொட்டதும் நேரே தெற்கே செல்வதில்லை. ஆற்றின் போக்கில் மேற்கே விலகிய பின்னரே தெற்கே திரும்புகிறது. இன்றும் நிலப்படத்தில் அப்படிக்கட்டைக் காணலாம்.

கோடும் வாழ்வும்

தாளில் உள்ள பிழையை ஒரு குறிப்பால் திருத்திவிடலாம். அக்கோட்டை நம்பி மக்கள் வேலியிட்டு, ஏர் பூட்டி, வீடு கட்டிய பின்னர் அதை நகர்த்துவது எளிதன்று. அளப்பவரின் பொறுப்பு அங்குதான் தொடங்குகிறது.

இதனை உணரத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 2019இல் வேலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபின், ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்துள்ளது. மேயும் ஆடுகளுக்கும் பெய்யும் மழைக்கும் அக்கோடுகள் தெரியா. ஆனால் சாமை விளைவிக்கும் ஓர் உழவர் பட்டாவுக்கும் சான்றிதழுக்கும் எவ்வழி இறங்கிச் செல்ல வேண்டும் என்பதை அக்கோடுகளே முடிவு செய்கின்றன. கோடு வரையும் கை, அதன் இருபுறமும் வாழும் மனிதரை மறத்தல் கூடாது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் தீர்க்கத்தைக் கண்டறிந்து, கிரீன்விச்சிலிருந்து அதன் நேர வேறுபாட்டைக் கணக்கிடுக.

2. உங்கள் ஊர் எல்லையைக் குறிக்கும் கல், ஓடை, மரம் ஆகியவற்றைப் பெரியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

3. "பிழையான எல்லையைத் திருத்துவதே நீதி", "மக்கள் வாழ்வைக் காப்பதே நீதி" என்னும் இரு தலைப்புகளில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.