முழுத்தானியச் சத்துமாவு

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் நெடுஞ்சாலை, நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்து களியக்காவிளையில் தமிழ்நாட்டை அடைகிறது. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழி அமைந்தபோது, விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நிலைத்தது. ஆயினும் எல்லையின் இருபுறத்து அடுக்களைகளிலும் உணவு வழக்கங்கள் பெரிதும் ஒத்தே இருக்கின்றன. குழந்தைக்குக் காய்ச்சும் கூழை மலையாளத்தில் 'குறுக்கு' என்பர். நீர் வற்றிக் குறுகும்படி காய்ச்சுவதால் அமைந்த இப்பெயரின் பொருள் தமிழருக்கும் எளிதில் விளங்கும். கேழ்வரகுக்கு மலையாளத்தில் வழங்கும் பெயர்களுள் 'கூவரகு' என்பதும் ஒன்று.

காலை உணவாகக் கடையில் விற்கும் மாவுகள் பல உள்ளன. அவற்றுள் சில தவிடு நீக்கிய தானியத்தால் ஆனவை. சிலவற்றில் சர்க்கரை மிகுதி. வீட்டிலேயே சத்துமாவு ஆக்கும் குடும்பமோ, அதில் என்ன சேர்கிறது, என்ன நீங்குகிறது என்பதைத் தானே முடிவு செய்கிறது.

ஒரு தானியமணியில் மூன்று பகுதிகள் உள்ளன. வெளியே இருப்பது தவிடு. உள்ளே பெரும்பகுதி மாவுப்பொருள். அடியில் ஒட்டியிருப்பது முளைக்கரு. நார்ச்சத்து, இரும்புச்சத்து, பி வகை வைட்டமின்கள் ஆகியவை தவிட்டிலும் முளைக்கருவிலும் மிகுந்துள்ளன. தானியத்தைத் தீட்டும்போது முதலில் நீங்குபவையும் இவையே.

இவ்வுண்மையை உலகம் உணர ஒரு நோய் காரணமாயிற்று. 1890களில் சாவகத் தீவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான், தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதைக் கண்டார். தீட்டாத அரிசியை உண்ட கோழிகள் நலம் பெற்றன. பெரிபெரி என்னும் நோயின் காரணத்தை அறிய இது வழிகாட்டிற்று. தவிட்டோடு நீங்கிய அச்சத்து, வைட்டமின் பி1 எனப் பின்னர் அறியப்பட்டது. எய்க்மான் 1929இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது இந்த வைட்டமினின் ஒரு பகுதி மணியின் உள்ளே செல்கிறது. ஆதலால் புழுங்கலரிசி பச்சரிசியைவிட இச்சத்தை மிகுதியாகக் காக்கிறது.

சத்துமாவுக்குத் தானியம் இரண்டு பங்கு, பயறும் கடலையும் சேர்ந்து ஒரு பங்கு என்பது எளிய கணக்கு. தானியப் புரதத்தில் லைசின் என்னும் கூறு குறைவு. பயற்றில் அது மிகுதி. பயற்றில் குறையும் மெத்தியோனினைத் தானியம் ஈடுசெய்கிறது. இவ்வாறு ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது.

தேவையான பொருள்கள்: கேழ்வரகு 500 கிராம், கோதுமை 250 கிராம், புழுங்கலரிசி 250 கிராம், பாசிப்பயறு 300 கிராம், பொட்டுக்கடலை 100 கிராம், நிலக்கடலை 100 கிராம், ஏலக்காய் 5, சுக்கு ஒரு சிறு துண்டு.

கேழ்வரகு, கோதுமை, பாசிப்பயறு ஆகியவற்றைக் கல் நீக்கிக் கழுவி, தனித்தனியே ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். பின் நீரை வடித்து, ஈரத்துணியில் முடிந்து ஒரு நாள் வைத்தால் முளை தோன்றும். முளைக்கும்போது, இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும் பைட்டிக் அமிலம் குறைகிறது. மாவுப்பொருளைச் சிதைக்கும் நொதியும் பெருகுகிறது. அதனால் முளைகட்டிய தானியமாவில் காய்ச்சிய கூழ் மிகக் கெட்டியாவதில்லை. சிறிதளவே உண்ணும் குழந்தைக்கும் மிகுந்த ஆற்றல் கிடைக்கிறது.

முளைத்தவற்றை உலர்த்துவதே இம்முறையின் கடினமான பகுதி. எல்லைக் கிராமங்களில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்வதால், வெயிலை மட்டும் நம்ப இயலாது. மழைநாளில் அடிகனமான வாணலியில் சிறுதீயில் கிளறி ஈரத்தைப் போக்குவர். ஒரு மணியைக் கடித்தால் 'நறுக்'கென்று உடைய வேண்டும். ஈரம் எஞ்சினால் மாவில் பூஞ்சை படரும். பூஞ்சை பிடித்த நிலக்கடலையை ஒதுக்கிவிட வேண்டும். அதன் நஞ்சு வறுத்தாலும் முழுவதும் நீங்காது.

உலர்ந்த பின் ஒவ்வொன்றையும் தனியே மணம் வரும்வரை வறுக்க வேண்டும். மணிகளின் அளவு வேறுபடுவதால், ஒன்றாக வறுத்தால் சிறியவை கருகும், பெரியவை வேகா. ஆறிய பின் எல்லாவற்றையும் கலந்து அரைத்து, மாவின் சூடு தணிந்ததும் காற்றுப்புகாத கலத்தில் அடைக்க வேண்டும். கடலையின் எண்ணெய் நாள்பட்டால் சிக்குவாடை தரும். ஆதலால் சில வாரங்களுக்கு வேண்டிய அளவே அரைத்தல் நன்று. சல்லடையில் நிற்கும் தவிட்டைப் பள்ளிப் பிள்ளைகளுக்கான மாவிலிருந்து நீக்கக் கூடாது.

இரண்டு மேசைக்கரண்டி மாவை அரைக் குவளைக் குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்து, ஒன்றரைக் குவளைக் கொதிநீரில் ஊற்றிக் கிளறியபடி நன்கு வேகவிட்டால் கஞ்சி ஆயத்தம். ஏத்தன்பழமோ தேங்காய்ப்பாலோ சேர்க்கலாம். ஆறு மாதம் நிறைந்த கைக்குழந்தைக்கு இக்கலவையைத் தொடக்கத்திலேயே தருதல் தகாது. ஒரே பொருளில் காய்ச்சிய கூழில் தொடங்கி, புதிய பொருள்களை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும்.

இவ்வீட்டுமுறைக்கு நிகரான ஒன்று கேரளத்தில் பொதுத்திட்டமாகவும் உள்ளது. 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கத்தின் மகளிர் குழுக்கள், கோதுமை, கடலைப்பருப்பு, நிலக்கடலை, சோயா, சர்க்கரை ஆகியவற்றால் 'அமிர்தம் நியூட்ரிமிக்ஸ்' என்னும் மாவை ஆக்குகின்றன. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அது அங்கன்வாடிகள் வழியே வழங்கப்படுகிறது. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளும் சத்துமாவு வழங்குகின்றன. எல்லைக்கு இருபுறமும் பெயர்கள் வேறு. தானியத்தோடு பயற்றைச் சேர்த்துக் குழந்தையின் பசியையும் சத்துக்குறைவையும் ஒருங்கே போக்கும் நோக்கம் ஒன்றே.

சொற்பொருள்
அடுக்களை – சமையலறை
ஆற்றல் – சக்தி
கலம் – பாத்திரம்
சாவகம் – ஜாவா
நொதி – உணவுப்பொருளைச் சிதைக்க உதவும் உயிர்ப்பொருள்

பயிற்சி
1. தானியமணியின் மூன்று பகுதிகள் யாவை?
2. எய்க்மான் கோழிகளிடம் கண்டது என்ன?
3. தானியத்தோடு பயற்றைச் சேர்ப்பது ஏன்?
4. பிரித்து எழுதுக: முளைக்கரு, ஈரத்துணி, கொதிநீர்.
5. 'குறுகு – குறுக்கு' போன்ற தன்வினை, பிறவினைச் சொற்கள் மூன்று எழுதுக.
6. செயல்பாடு: வீட்டில் காலையில் காய்ச்சும் கஞ்சி அல்லது கூழின் பெயரையும் செய்முறையையும் பெரியோரிடம் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.