காலை வரை, தம்பி

அன்புத் தம்பிக்கு,

கீழவைப்பார்க் கரையில் நடக்கிற உன் சண்டைப் படக்கதையைப் படித்த சூட்டோடு எழுதுகிறேன். கட்டம் பிரிப்பது, மை போடுவதெல்லாம் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்குப் பொறுக்காதது இதுதான்: உன் ஆட்களுக்குக் கால் இல்லை.

சண்டை முழுக்க இடுப்புக்கு மேல்தான் வரைந்திருக்கிறாய். நடப்பதோ மணலில். ஈர மணல் காலைத் தாங்கும். மேட்டு மணல் விழுங்கும். அங்கே நின்று ஓங்கிக் குத்தினால் பின்னங்கால் புதையும், குத்தின் வலு பாதி மணலுக்கே போய்விடும். உன் நாயகன் சிமெண்டுத் தரையில் நிற்பவனாய்க் குத்துகிறான்.

எங்கள் சிலம்ப ஆசான் லேசில் கம்பைத் தரமாட்டார். நெற்றி உயரக் கம்பு சுவரில் சாய்ந்திருக்கும். நாங்கள் வெறுங்கையோடு காலடி வரிசை பழகுவோம். மணலில் பதிந்த தடத்தைப் பார்த்தே தப்பைப் பிடிப்பார். "குதிகால் அழுந்தியிருக்கு பாரு, இந்நேரம் அடி வாங்கியிருப்பே" என்பார். 1801-இல் பாஞ்சாலங்குறிச்சி விழுந்தபின் கம்பெனிக்காரன் ஆயுதங்களைப் பறித்த வட்டாரம் இது. இங்கே காலடிதான் மிஞ்சிய சொத்து.

மோரி கோஜியின் 'ஹோலிலேண்ட்' மங்கா (2000–2008) நீ படித்திருப்பது தெரிகிறது. புத்தகம் பார்த்துத் தனியாகக் குத்துப் பழகிய பையனின் கதை. ஜூடோக்காரன் தூக்கி எறிந்தால் மெத்தையில் விழுவது வேறு, தார் ரோட்டில் விழுவது வேறு என்று நிறுத்தி விளக்கும். அந்தக் கவனத்தை விட்டுவிட்டுப் பாய்ச்சலை மட்டும் எடுத்துக்கொண்டாய்.

இன்னொன்று, குத்துக்குக் குத்து வசனம். முத்தும் சங்கும் குளித்த கரையில் பிறந்தவனுக்கு மூச்சின் அருமை தெரிய வேண்டாமா? நிஜச் சண்டையில் கொஞ்ச நேரத்திலேயே நெஞ்சு அடைக்கும். பேச்சு எங்கிருந்து வரும்?

ஆனால் ஜெயித்தவன் வள்ளத்தின் மறைவில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போடப் பார்க்கிற பக்கம் இருக்கிறதே! விரல் நடுங்குகிறது, பொத்தான் துளையில் நுழையவில்லை. திறந்த சட்டையோடே வீட்டுக்குப் போகிறான். தனக்குப் பயம் உண்டு, அந்தப் பயத்தோடே நிற்கவும் தெரியும் என்று அவனுக்கு அங்கேதான் விளங்குகிறது. சிவகாசியில் 1972-இல் முத்து காமிக்ஸ் தொடங்கிய காலத்திலிருந்து படிக்கிறவன் சொல்கிறேன்: தமிழ்ப் படக்கதையில் இப்படியொரு பக்கம் நான் பார்த்ததில்லை.

அச்சுக்கு அவசரப்படாதே. சாயங்காலம் கரையில் பையன்கள் கபடி ஆடுகிற இடத்தில் உட்கார்ந்து கால்களை மட்டும் வரை. பிறகு சண்டைப் பக்கங்களைப் புதிதாகப் போடு. பொத்தான் பக்கத்தில் ஒரு கோட்டைக்கூடத் தொடாதே.

அன்புடன்,
அண்ணாச்சி