தீர்ப்புச் சொல்ல வேண்டியது நீ அல்ல

அன்புள்ள கயலுக்கு,

அடுத்த வாய்தாவில் நீதிபதி உன்னைத் தனியே அழைத்துப் பேசப்போகிறார் என்று உன் அப்பா சொன்னான். அதைக் கேட்டதிலிருந்து நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அம்மா போனில் வருத்தப்பட்டாள். நான் உன் அப்பாவுக்கு அக்காதான். ஆனால் குடும்ப நல நீதிமன்றத்தில் வழக்கு நடத்துகிற வக்கீலும்கூட. இந்தக் கடிதத்தில் யாருக்காகவும் வாதாடப் போவதில்லை. உனக்காக மட்டுமே எழுதுகிறேன்.

அப்பாவா அம்மாவா என்று முடிவு செய்யும் பாரம் உன் தலையில் இல்லை, கண்ணு. விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையின் விருப்பத்தையும் நீதிபதி கருத்தில் கொள்ளலாம் என்கிறது 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம். உனக்கு வயது 13. உன் பேச்சுக்கு நிச்சயம் மதிப்பு உண்டு. ஆனால் அது பல விஷயங்களில் ஒன்றுதான். உன் படிப்பு, உடல்நலம், அன்றாடம் உன்னைக் கவனித்துக்கொள்வது யார், எந்த வீட்டில் நிம்மதி இருக்கிறது என்று எல்லாவற்றையும் எடைபோட்டு நீதிபதிதான் முடிவு சொல்வார்.

தம்பியைப் பிரித்துவிடுவார்களோ என்று பயப்படுகிறாயாம். 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் காப்பாளர் சட்டப்படி, ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும். அவனுக்கு நான்கு வயதுதானே ஆகிறது. தகுந்த காரணம் இல்லாமல் உடன்பிறந்தவர்களைப் பிரிக்க நீதிமன்றங்களும் விரும்புவதில்லை.

‘அப்பாதான் சட்டப்படி காப்பாளர்’ என்று நம் சொந்தக்காரர்கள் சொல்வதை நீ கேட்டிருப்பாய். அந்தச் சட்டம் தந்தையை முதலில் சொல்வது உண்மைதான். ஆனால் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில், தந்தை உயிரோடு இருக்கும்போதே தாயும் காப்பாளர் ஆக முடியும் என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையின் நலனே முதன்மையானது என்று அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது. யாருக்குச் சம்பளம் அதிகம் என்பதை மட்டும் வைத்தும் முடிவு செய்ய மாட்டார்கள். பிள்ளை ஒருவரிடம் வளர்ந்தால், செலவுக்கு மற்றவர் பணம் தர உத்தரவிடலாம்.

நீதிபதியின் அறையை நினைத்துப் பயப்படாதே. அங்கே கூண்டு கிடையாது. பெரும்பாலும் வக்கீல்களையும் பெற்றோரையும் வெளியே இருக்கச் சொல்லிவிடுவார்கள். எந்த வகுப்பு, பள்ளிக்கு யார் கொண்டுவிடுகிறார்கள், காய்ச்சல் வந்தால் ராத்திரி யார் முழித்திருப்பார்கள் என்று கேட்பார். ஒரு வழக்கில் எட்டு வயதுப் பையன், ‘அப்பாவால் எங்களுக்குக் கடும் மன உளைச்சல்’ என்றானாம். அது மனுவில் இருந்த வரி. நீதிபதி அதைக் கவனித்துவிட்டுப் பேச்சை மாற்றி, சாயங்காலம் என்ன விளையாடுவாய் என்று கேட்டிருக்கிறார். அதற்கு அவன் சொன்னதெல்லாம் அவனுடைய சொந்தப் பேச்சு. அதில் அப்பாவோடு ஆடிய கிரிக்கெட்டும் இருந்தது. உனக்கும் சொல்லிக்கொடுக்க ஆட்கள் வருவார்கள், எங்கள் பக்கத்திலிருந்தும் வருவார்கள். கேட்டுக்கொள், ஆனால் அங்கே போய் ஒப்பிக்காதே. நடப்பதை நடக்கிறபடி சொல். யாராவது அடித்தாலோ, உனக்குப் பயமாக இருந்தாலோ அதை மறைக்காதே. ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல மனமில்லை என்றால், ‘எனக்குச் சொல்லத் தோன்றவில்லை’ என்று சொல்லலாம். அது தப்பில்லை.

பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல என்று 1973-இலேயே, சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. தாய், தந்தை இருவரின் அன்பும் பிள்ளையின் அடிப்படை மனித உரிமை என்று 2020-இல் சொன்னது. நீ யாரிடம் வளர்ந்தாலும் மற்றவரைப் பார்ப்பதும், விடுமுறையில் போய்த் தங்குவதும், வீடியோ காலில் பேசுவதும் உனக்குச் சேர வேண்டியவை. இப்போது வரும் உத்தரவு மாற்றவே முடியாததும் அல்ல. சூழ்நிலை மாறினால் மறுபடி நீதிமன்றம் போகலாம்.

அன்று காலை வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போ. அறையில் என்ன பேசினாய் என்று நான் உன்னிடம் கேட்க மாட்டேன். அப்பாவோ அம்மாவோ கேட்டால், ‘அத்தை சொல்ல வேண்டாம் என்றார்’ என்று என்மேல் பழியைப் போட்டுவிடு. அவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அத்தை