பொம்மைக் கலம் கேட்கும் மருமகளுக்கு



ஸ்காபரோவிலிருந்து பெரியம்மா வெள்ளவத்தைக்கு வரும்போது ‘ஸ்டார்லிங்க்: பேட்டில் ஃபோர் அட்லஸ்’ வீடியோ விளையாட்டைக் கொண்டுவரச் சொல்லலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகச் சொல். ஆனால் என்ன கேட்கிறாய் என்பதைத் தெரிந்துகொண்டு கேள்.

அந்த விளையாட்டுப் பிறந்ததும் பெரியம்மாவின் ஊர்ப்பக்கம்தான். யூபிசொஃப்ட் நிறுவனத்தின் ரொறன்ரோ பிரிவு அதைச் செய்தது. 2018 ஒக்டோபர் 16இல் வெளிவந்தது. கொன்ட்ரோலரில் ஒரு தாங்கியை மாட்டி, அதில் விமானியின் சிறு உருவத்தை நிறுத்தி, மேலே பொம்மை விண்கலத்தைப் பொருத்த வேண்டும். பிறகு சிறகுகள், சிறகுகளில் ஆயுதங்கள். நீ கையால் எதை மாற்றுகிறாயோ அது திரையிலும் மாறும். ஆயுதத்தைப் பின்பக்கம் பார்க்க மாட்டினால் கலம் பின்னோக்கிச் சுடும்.

எனக்கு இந்த விளையாட்டில் பிடித்த இடமே இதுதான். நெருப்பாலான எதிரிக்குப் பனி ஆயுதம் வேண்டும், பனியாலானதற்கு நெருப்பு. ஈர்ப்பு ஆயுதத்தால் ஒரு சுழலை உண்டாக்கி அதற்குள் நெருப்பை விட்டால் சுழலே தீயாகிறது. ஒரு சிறகில் ஒன்றும் மறு சிறகில் வேறொன்றுமாக மாட்டி, இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று நீயே சோதித்துப் பார்க்கலாம். சும்மா சுட்டுத் தள்ளும் விளையாட்டுகளில் இந்த யோசனை கிடையாது. அட்லஸ் மண்டலத்தின் ஏழு கோள்களில் ஒன்றிலிருந்து எழும்பி, இடைவெளியின்றி விண்வெளிக்குப் போய் இன்னொன்றில் இறங்கலாம். அதை எத்தனை தரம் செய்தாலும் அலுக்காது.

இப்போது பணக் கதைக்கு வருகிறேன். இதைக் கவனமாக வாசி.

பொம்மையை விளையாட்டோடு இணைக்கும் வியாபாரம் 2011இல் ‘ஸ்கைலாண்டர்ஸ்’ வந்தபோது பெரிதாக எழும்பியது. 2013இல் ‘டிஸ்னி இன்ஃபினிட்டி’, 2015இல் ‘லெகோ டைமென்ஷன்ஸ்’. டிஸ்னி 2016இல் கைவிட்டது, லெகோ 2017இல் நிறுத்தியது. பெற்றோருக்கு ஒவ்வொரு பண்டிகைக்கும் புதுப் பொம்மை வாங்கி அலுத்துவிட்டது, கடைகளின் அடுக்குகளும் நிரம்பிவிட்டன. அலை வற்றியபிறகு வந்து சேர்ந்தது ஸ்டார்லிங்க். 2019 ஏப்ரலில், எதிர்பார்த்த அளவு விற்கவில்லை, இனிப் புதுப் பொம்மைகள் செய்யமாட்டோம் என்று யூபிசொஃப்ட் அறிவித்தது. அதே மாதக் கடைசியில் கொம்பியூட்டருக்கு வந்த பதிப்பில் பொம்மைக்கு இடமே இல்லை.

விலைகளைப் பார்த்தால் காரணம் புரியும். விளையாட்டு வெளிவந்தபோது பொம்மையுள்ள ஆரம்பப் பெட்டி அமெரிக்காவில் 75 டொலர், அதில் ஒரே ஒரு கலம். பொம்மையில்லாத டிஜிட்டல் பதிப்பு 60 டொலர், அதில் பல கலங்கள். மேலதிகக் கலம் ஒன்று 25 டொலர். அன்று டொலர் ஏறத்தாழ 170 ரூபாய். 2022 நெருக்கடியில் அது 360ஐத் தாண்டியது. பின்னர் 300 அளவுக்கு இறங்கியது. கொழும்புக் குடும்பம் ஒன்று இந்தக் கணக்கில் முழுத் தொகுப்பும் சேர்ப்பதை நான் ஏற்கமாட்டேன். விளையாட்டைத் துண்டு துண்டாக வெட்டிப் பிள்ளைகளுக்கு விற்பது நல்ல வழக்கமும் இல்லை.

அதற்காகப் பொம்மையே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. பொம்மைக்குள் விளையாட்டு இல்லை, இது இன்ன கலம் என்று கொன்சோலுக்குச் சொல்லும் அடையாளம் மட்டுமே அதில் இருக்கிறது என்பதை மறக்காதே. விளையாட்டு நின்றுபோனால் மிஞ்சுவது பிளாஸ்ரிக். இதே நிறுவனத்தின் ‘த குரூ’ என்ற கார் விளையாட்டின் சேவையகங்கள் 2024 மார்ச்சில் மூடப்பட்டன. பணம் கொடுத்து வாங்கியவர்களால் இன்று அதை விளையாட முடியாது. ஸ்டார்லிங்க் தனியாக ஓடும் விளையாட்டு என்பதால் அந்தப் பயம் குறைவு. திரையை இரண்டாகப் பிரித்து இருவர் சேர்ந்தும் விளையாடலாம். கொட்டாஞ்சேனைக்கு எங்களிடம் வரும்போது கொண்டுவா, தம்பியும் ஆசைப்படுவான்.

பெட்டி உடைக்காமல் அலுமாரியில் வைத்தால் விலை ஏறும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. விற்காமல் தேங்கியதால் வெளிநாட்டுக் கடைகள் இவற்றைப் பெருங் கழிவில் தள்ளிய காலமும் இருந்தது. உடை, மாட்டு, விளையாடு.

உன்னிடம் இருப்பது நின்டெண்டோ சுவிட்ச். அதில்தான் ‘ஸ்டார் ஃபொக்ஸ்’ கதையும் அதன் ஆர்விங் கலமும் உண்டு. வேறு கொன்சோல்களில் அவை இல்லை. கலங்களும் ஆயுதங்களும் எல்லாக் கொன்சோலுக்கும் பொதுவானவை, தாங்கி மட்டும் கொன்சோலுக்குக் கொன்சோல் மாறும். சுவிட்சைக் கையில் பிடித்து விளையாடும்போது பொம்மைகள் வேலை செய்யா. ரீவியோடு இணைத்தால்தான் உண்டு.

இணையத்தில் விலை பார்க்கும்போது முழுப் பெயரையும் எழுதித் தேடு. இல்லாவிட்டால் அதே பெயரிலுள்ள செய்மதி இணையச் சேவைதான் முன்னால் வரும். பெரியம்மாவுக்கு எழுதும்போது “சுவிட்சுக்கான ஆரம்பப் பெட்டி, ஆர்விங் கலம் உள்ளது, அது ஒன்றே போதும்” என்று தெளிவாக எழுது.

அன்புடன்,
மாமா