வலி இல்லை என்பது சான்றாகுமா?

‘எனக்குச் சர்க்கரை இருக்கிறது, ஆனால் ஒரு தொந்தரவும் இல்லை.’ இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்கள் பலர் சொல்லக் கேட்கின்ற வாக்கியம் இது. இதன் முற்பகுதி உண்மை. பிற்பகுதியைச் சற்று ஆராய வேண்டியுள்ளது.

ஒரு பொருள் ‘இல்லை’ என்பதை எவ்வாறு அறிகிறோம்? நமது தத்துவ நூல்கள் இந்தக் கேள்வியை ஆழ்ந்து ஆராய்ந்துள்ளன. ‘அனுபலப்தி’, அதாவது தென்படாமை, இல்லாமையை அறிவதற்கான ஒரு பிரமாணம் என்று அத்வைத வேதாந்தம் ஏற்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. விளக்கு எரிகின்ற அறையில் குடம் தென்படவில்லை என்றால் அங்கே குடம் இல்லை. இருட்டறையில் தென்படவில்லை என்றால் எதையும் முடிவு செய்ய இயலாது. ‘இருந்திருந்தால் தெரிந்திருக்கும்’ என்ற நிலையில்தான் தெரியாமை சான்றாகிறது.

உடலில் வலிதான் விளக்கு. நீரிழிவு அந்த விளக்கையே அணைத்துவிடுகிறது.

இருட்டில் நடப்பவை

ரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால் ரத்தநாளங்களின் உட்சுவர் பழுதடைகிறது. நுண்ணிய நாளங்கள் கெடும்போது கண், சிறுநீரகம், நரம்புகள் ஆகியவை பாதிக்கப்படுகின்றன. பெரிய நாளங்கள் கெடும்போது இதயம், மூளை, கால்கள் ஆகியவை துன்புறுகின்றன.

உடலின் மிக நீண்ட நரம்புகள் பாதங்களை அடைகின்றன. எனவே பாதிப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. சிலருக்கு முதலில் எரிச்சலும் மதமதப்பும் தோன்றும். பிறகு உணர்வே மங்கும். இத்தகையவர் கோடைப் பகலில் வெறுங்காலுடன் கோயிலை வலம் வந்தால், கல்தரையின் சூடு அவருக்குத் தெரியாது. வீடு திரும்பியபின் கொப்புளத்தைக் கண்டால்தான் உண்டு. ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறாது; கிருமிகள் பரவும்; சிலருக்கு விரலையோ காலையோ அகற்ற வேண்டிய நிலை வரும்.

விழித்திரையில் ரத்தக்கசிவு தொடங்கிய பின்னரும் பார்வை தெளிவாகவே இருக்கலாம். சிறுநீரகம் பழுதடையத் தொடங்கும்போது அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசிகிறது; கால் வீக்கம் போன்ற அறிகுறிகள் மிகவும் பிந்தியே வருகின்றன. சிலருக்கு மாரடைப்புகூட நெஞ்சுவலி இன்றி, மூச்சுத்திணறல், வியர்வை, சோர்வு ஆகியவற்றுடன் மட்டும் வருவதுண்டு.

பிரிட்டனில் 1977-இல் தொடங்கி, புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்களை ஆண்டுக்கணக்கில் கவனித்த ஓர் ஆய்வு உண்டு. நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே அவர்களுள் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதேனும் ஓர் உறுப்பில் பாதிப்பின் அடையாளம் இருந்தது! அதே ஆய்வு நம்பிக்கையையும் தருகிறது. 1998-இல் வெளியான அதன் முடிவின்படி, சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவை 7.9 சதவீதத்திற்குப் பதில் 7 சதவீதத்தில் வைத்திருந்தவர்களுக்கு நுண்நாளப் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்தன. தொடக்க ஆண்டுகளில் காட்டிய அக்கறையின் பலன் பிந்தைய ஆண்டுகளிலும் தொடர்ந்தது என்பதும் 2008-இல் தெரியவந்தது.

இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்கு நீரிழிவு உள்ளது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023-இல் மதிப்பிட்டது. எனவே இது நம்முள் பெரும்பாலோரின் குடும்பத்தைத் தொடுகின்ற விஷயம்.

விளக்கை ஏற்றுதல்

உணர்வு சாட்சி சொல்லாத இடத்தில் பரிசோதனையே சாட்சி.

1. ஹெச்பிஏ1சி: கடந்த மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டுவது. மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை தேவை. பலருக்கு இலக்கு 7 சதவீதத்திற்குக் கீழ். முதியோருக்கான இலக்கை மருத்துவர் தீர்மானிப்பார்.

2. கண்: ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை. கண்ணாடிக்காகப் பார்வையை அளப்பது இதற்கு ஈடாகாது.

3. சிறுநீரகம்: ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரில் அல்புமின், ரத்தத்தில் கிரியேட்டினின்.

4. இதயம்: ரத்த அழுத்தமும் கொழுப்பும் கட்டுக்குள் இருத்தல் வேண்டும். புகையிலையை அறவே விட வேண்டும்.

5. பாதம்: நாள்தோறும் நாமே பார்க்க வேண்டும். குனிய இயலாதவர் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். காலணியை அணியுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்ப்பது நல்லது. கோயிலுக்குக் காலையிலோ மாலையிலோ செல்லலாம்.

விரதம் இருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளை எடுத்துக்கொண்டு உணவைத் தவிர்த்தால் சர்க்கரை அபாயகரமாகக் குறையலாம். நடுக்கம், வியர்வை, குழப்பம் ஆகியவை தோன்றினாலோ, அளவு 70-க்குக் கீழ் சென்றாலோ, உடனே 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை உட்கொள்ள வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். அந்நேரத்தில் விரதத்தை முடிப்பது குறையாகாது. விரதத்திற்கு முன்பே மருத்துவரிடம் மருந்தின் அளவைக் கேட்டுக்கொள்வது விவேகம்.

‘தொந்தரவு இல்லை’ என்று இனி யாரேனும் சொன்னால், ‘கடைசியாகக் கண்ணையும் சிறுநீரையும் பரிசோதித்தது எப்போது?’ என்று அன்புடன் கேட்போம். நமக்கே நீரிழிவு இருந்தால் அந்தக் கேள்வியை முதலில் நம்மிடமே கேட்போம். இன்றிரவு உறங்குமுன், நல்ல வெளிச்சத்தில், இரு பாதங்களையும் ஒருமுறை பார்ப்போம்.