ஒரு கட்டணம், இரண்டு ரசீது

கேள்வி: எங்கள் ஊர் டியூஷன் சென்டருக்கு பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் வைத்து, கட்டணம் பதியும் தளம் ஒன்று செய்துகொடுத்தேன். சில மாணவர்களுக்கு ஒரே கட்டணம் இரண்டு முறை பதிவாகிறது. முதல் க்ளிக்கிலேயே பட்டன் முடங்கும்படி ஜாவாஸ்கிரிப்ட் எழுதினேன். குறைந்ததே தவிர, நிற்கவில்லை. என்ன செய்வது?
– வாசகர், ஈரோடு

பதில்: பட்டனை முடக்கியது நல்லதுதான். ஆனால் காவல் போட வேண்டிய இடம் சர்வர். பிரவுசரில் நடப்பது எதுவும் உங்கள் பிடியில் இல்லை.

முதலில் ரெஃப்ரெஷ். போஸ்ட் ரிக்வெஸ்ட்டுக்கு நேரடியாக ரசீதுப் பக்கத்தையே அனுப்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தால் பிரவுசர் ஓர் எச்சரிக்கை காட்டும். அதை யார் படிக்கிறார்கள்? சரி என்று அழுத்தியதும் அதே போஸ்ட் மறுபடி போகும். பதிவு முடிந்தவுடன் 303 ரீடைரக்ட் கொடுத்து, ரசீதை கெட் ரிக்வெஸ்ட்டாகத் திறக்க வையுங்கள். லொகேஷன் ஹெடருக்கு அடுத்த வரியில் எக்ஸிட் கட்டாயம். இல்லாவிட்டால் மீதி நிரல் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

கெட் எத்தனை முறை வந்தாலும் தரவு மாறக்கூடாது என்பது எச்டிடிபி விதி. பதிவை அழிக்க வெறும் லிங்க் வைத்திருந்தால் அதையும் போஸ்ட்டாக மாற்றிவிடுங்கள். 2005இல் கூகுள் வெப் ஆக்சிலரேட்டர் வந்தபோது, பக்கத்திலுள்ள லிங்க்குகளை அது முன்கூட்டியே திறந்து பார்த்ததில், அழிக்கும் லிங்க்குகளும் திறந்து சிலருடைய தரவு காணாமல் போனது.

இதையெல்லாம் செய்த பிறகும் ஒரு வழி திறந்தே இருக்கும். பதிவு முடிந்துவிட்டது, பதில் திரும்பும் வழியில் செல்போன் சிக்னல் போய்விட்டது. பணம் கட்டியவருக்கு வெற்றியா தோல்வியா தெரியாது, மறுபடி அழுத்துவார். அவர்மேல் குறை சொல்ல முடியாது.

ஃபார்மைக் காட்டும்போதே ரேண்டம் பைட்ஸ் கொண்டு ஒரு டோக்கன் உருவாக்கி, ஹிட்டன் இன்புட்டாக வையுங்கள். கட்டண டேபிளில் டோக்கனுக்கு ஒரு காலம் சேர்த்து யூனிக் இண்டெக்ஸ் போடுங்கள். பலர் சறுக்குவது இதற்கடுத்த படியில்: முதலில் செலக்ட் செய்து, டோக்கன் இல்லையென்றால் இன்சர்ட் செய்வார்கள். இரண்டு ரிக்வெஸ்ட்டுகள் ஒரே நேரத்தில் இரண்டு தனித்தனி பிஎச்பி பிராசஸில் ஓடலாம். இரண்டும் தேடும், இரண்டுக்கும் 'இல்லை' என்றே பதில் வரும், இரண்டும் எழுதும். ஆகவே தேடவே வேண்டாம், நேராக இன்சர்ட் செய்யுங்கள். டோக்கன் ஏற்கெனவே இருந்தால் மைஎஸ்க்யூஎல் 1062 என்ற பிழையைத் தரும். அதைப் பிடித்து, பழைய ரசீதுக்கே ரீடைரக்ட் செய்துவிடுங்கள். "பிழை" என்று சிவப்பில் காட்டினால் அவர் மூன்றாம் முறையும் அழுத்துவார்.

ஆன்லைனில் பணமும் வாங்குவதாக இருந்தால், பேமெண்ட் சேவையின் பக்கமும் இதே காவல் வேண்டும். ஸ்ட்ரைப் இதற்காகவே 'ஐடெம்பொட்டென்சி கீ' என்று ஒரு ஹெடர் வைத்திருக்கிறது.

பழைய பதிவுகளில் டோக்கன் காலம் நல் ஆக இருந்தால் யூனிக் இண்டெக்ஸ் தடுக்காது, அதனால் இன்றே சேர்த்துவிடலாம். ஏற்கெனவே இரட்டித்த ரசீதுகளை மட்டும் நீங்களாக அழித்துவிடாதீர்கள். சென்டரில் கணக்குப் பார்ப்பவரிடம் பட்டியலைக் கொடுத்து, எது நிஜம் என்று அவர் சொன்ன பிறகு நீக்குங்கள்.