காகித மணி நகையும் நியாயமான விலையும்

கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் வாடகை அறைகளில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பும் நீங்கள், வீட்டிலிருந்தே செய்யக்கூடிய தொழில் ஒன்றைத் தேடுவீர்கள். காகித மணி நகைக்கு முதல் அதிகம் வேண்டியதில்லை. அந்தோனியார் கோவிலடியில் செபமாலை விற்பதைப் பார்த்திருப்பீர்கள். கோர்க்கும் வேலை ஏறக்குறைய அதுதான்.

பழைய கலண்டர்த் தாளை, ஒரு முனை இரண்டு சென்ரிமீற்றர் அகலமாகவும் மறுமுனை கூராகவும் இருக்கும்படி நீள முக்கோணமாக வெட்டுங்கள். அகலமான முனையிலிருந்து ஈர்க்கில் இறுகச் சுற்றி, நுனியைப் பசையால் ஒட்டி, ஈர்க்கை உருவுங்கள். காய்ந்தபின் இரண்டு தடவை வார்னிஷ் பூசித் தங்கூசியில் கோர்க்கலாம். தளரச் சுற்றிய மணி வியர்வை பட்டால் ஊதிவிடும். கொளுக்கியும் நூலும் புறக்கோட்டையில் மொத்தமாக வாங்கிக்கொண்டு போங்கள்.

இந்தத் தொழிலால் பெயர் பெற்ற இடம் உகண்டாவின் கம்பாலா நகரம். வடக்கில் நடந்த போரால் இடம்பெயர்ந்த அச்சோலிப் பெண்கள் அங்கே கல் உடைத்துச் சீவித்தார்கள். அவர்களில் எச்.ஐ.வி. உள்ளவர்களும் பலர். 2004 இல் தொடங்கிய ‘பீட் ஃபோர் லைஃப்’ என்ற அமைப்பு இப்படியான பெண்களிடம் காகித மணிகளை நியாய விலைக்கு வாங்கி அமெரிக்காவில் விற்றது. ஆனால் ஆயுள் முழுக்க மணி உருட்ட வைக்கவில்லை. வந்த பணத்தைச் சேமித்துக் கோழி, மரக்கறி, தையல் என்று வேறு தொழிலுக்கு மாறப் பழக்கியது. நீங்களும் அப்படி நினைப்பதுதான் புத்தி. மாலைக்கு ஒரு காலம் கிராக்கி இருக்கும், பிறகு குறையும்.

விலை பேசும்போது பெண்கள் பெரும்பாலும் தாள், பசைச் செலவை மட்டும் சொல்கிறார்கள். உங்கள் நேரத்துக்கும் விலை உண்டு. ஊரில் எட்டு மணித்தியால நாட்கூலி எவ்வளவோ அதை எட்டால் பிரியுங்கள். ஒரு மாலைக்கு நாற்பது மணி, மணிக்கு மூன்று நிமிடம் என்றால் உருட்டவே இரண்டு மணித்தியாலம். பூசவும் கோர்க்கவும் இன்னொன்று. மூன்று மணித்தியாலக் கூலியோடு பொருட்செலவையும் போக்குவரத்தையும் கூட்டுங்கள். அதற்குக் கீழே விற்றால் நட்டம். உலக நியாய வர்த்தக அமைப்பின் விதிப்படி, கைப்பணிப் பொருள் செய்பவர் கேட்டால் வாங்குபவர் பாதிப் பணத்தையாவது வட்டியில்லாமல் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். கேட்க வெட்கப்படாதீர்கள்.

உங்கள் குழுவில் எச்.ஐ.வி. உள்ள சகோதரி ஒருவர் இருக்கலாம், அது உங்களுக்குத் தெரியாமலும் இருக்கலாம். ஒரே மேசையில் மணி உருட்டுவதால், ஒரே கோப்பையில் தேநீர் குடிப்பதால், அவர் செய்த மாலையை அணிவதால் எச்.ஐ.வி. தொற்றாது. ஒழுங்காக மருந்து எடுத்து, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால், உடலுறவு மூலமும் அது பரவாது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. பரவுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக 2019 இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆகவே கர்ப்பிணிகள் கிளினிக்கில் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

வியாபாரி ஒருவர், “எச்.ஐ.வி. உள்ள பெண் செய்தது என்று படத்தோடு போட்டால் கூடுதலாக விற்கும்” என்று சொல்லக்கூடும். சம்மதிக்க முன் நன்றாக யோசியுங்கள். வெளிநாட்டுக்குப் போகும் படம் கைத்தொலைபேசியில் கிளிநொச்சிக்கும் வரும். பள்ளிக்கூடத்தில் பதில் சொல்லப் போவது பிள்ளைதான். அட்டையில் குழுவின் பெயரும் ஊரும் போதும். ஒருவர் தன் நோயைத் தானாக விரும்பிச் சொன்னாலொழிய, குழுத்தலைவி உட்பட வேறு யாருக்கும் அதைச் சொல்லும் உரிமை இல்லை.

கொழும்பு 10, டி சேரம் பிளேசில் உள்ள அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் மருந்து எடுப்பவர்கள், புறப்பட முன் அங்கு சொல்லி, ஊருக்குக் கிட்டிய நிலையத்துக்குக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் இத்தகைய நிலையங்கள் உண்டு. பரிசோதனையும் மருந்தும் இலவசம். பயண நாட்களுக்கான குளிசைகளைக் கைப்பையிலேயே வைத்திருங்கள்; லொறியில் ஏற்றும் சாமானோடு போட வேண்டாம்.